அளவுக்கு வரைந்த பெண்

"யாரு இவ, நீலத் தொப்பி போட்டுக்கிட்டு?" பார்ஜெட்டர் வரைந்த நகர மண்டபப் படத்தைப் பார்த்து லவீனியா கத்தியது பிரிஸ்டலில் அந்தத் தெரு முழுக்கக் கேட்டது.

"கட்டடத்தோட உயரம் தெரிய வாசல்ல ஓர் ஆளை வரையறது எங்க வழக்கம்மா," என்றார் பார்ஜெட்டர். அவளுக்கு நிச்சயமான கட்டடக் கலைஞர்.

"எனக்கு இப்படி ஒரு தொப்பி வாங்கித் தந்திருக்கீங்களா?"

நகர மண்டபப் படத்திலிருந்த பெண்ணை லவீனியாவே கத்தியால் சுரண்டி எடுத்தாள். மறுநாள் படத்துப் பெண் இரண்டு படி மேலே நின்றிருந்தாள். மறுபடியும் சுரண்டினாள். மூன்றாம் நாள் பெண்ணைக் காணோம். படத்தில் மூடி வரைந்திருந்த கதவு திறந்திருந்தது.

1854இல் மண்டபத் திறப்பு விழாவன்று நிஜக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. பார்ஜெட்டர் தட்டியதும் திறந்தது. உள்ளே யாருமில்லை.

லவீனியா ஒரு மருந்துக்கடைக்காரரைக் கட்டிக்கொண்டு பாத் நகரத்துக்குப் போய்விட்டாள். பார்ஜெட்டர் மண்டபத்து மாடியறைக்கே குடிபோனார், இரண்டு நாற்காலிகளோடு.