வரிசையில் முதல் சட்டி

பட்டறை கேண்டீனில் மதிய மணி அடித்து ஓய்கிறது. ஜன்னல் வெயிலில் பீட்ரூட் சட்டி ரத்தினமாய் மின்னுகிறது. போன தடவை பாதிக்கு மேல் குப்பைக்குப் போன வயிற்றெரிச்சலில், சமையல்காரி இன்று அதைக் கடைசியிலிருந்து தூக்கி முதலில் வைத்திருக்கிறாள். பசியோடு வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவதைத்தான் கேட்பார்கள் என்பது அவள் நினைப்பு. முன்னால் நிற்கும் கிரேன் டிரைவர் தட்டை நீட்டி, “ரெண்டு கரண்டி போடும்மா” என்கிறார். அவ்வளவுதான், பின்னால் வரும் தட்டுகளெல்லாம் ஒவ்வொன்றாகச் சிவக்கின்றன. அவள் வளையலை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு அள்ளி அள்ளிப் போடுகிறாள். ஒன்பதாவது ஆள் அவள் புருஷன், ஃபிட்டர். கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் பீட்ரூட்டைக் கண்டாலே மண் வாடை என்று முகம் சுளிக்கிறவன். முன்னால் போகிறவனின் தட்டைப் பார்க்கிறான், பின்னால் நிற்கிறவனைப் பார்க்கிறான். கிரீஸ் படிந்த கை தயங்கித் தயங்கி நீள்கிறது. “எனக்கும் அதுவே போடு.” கரண்டி அந்தரத்தில் நிற்கிறது. அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொல்கிறான்: “என் பொண்டாட்டிகிட்ட சொல்லிடாத.” “நான் எதுக்குங்க சொல்லப் போறேன்” என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவள் இரண்டு கரண்டிக்கு மேல் மூன்றாவதையும் போடுகிறாள்.