மூன்று இலைகள்

"அம்மா, யாரோ கதவத் தட்டுறாக."

"சத்தம் போடாத நர்மதா."

ஆனந்தி மகளின் வாயைப் பொத்தினாள். உள்ளங்கையில் சோற்றுப் பருக்கை ஒட்டியது. ஐந்து வயதுப் பிள்ளை காலையிலிருந்து இப்போதுதான் சாப்பிடுகிறாள். அதுவும் யாரோ வீட்டில், யாரோ ஆக்கி வைத்த சோறு.

மூணாறிலிருந்து பஸ்ஸைத் துரத்தி வந்த பைக்கை அவள் ஜன்னல் வழியே பார்த்துவிட்டாள். புருஷன் முனீஸ்வரன். சக்குபள்ளத்துக்கு முந்தின வளைவில் பைக் முந்திப் போனதும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஏலத்தோட்டத்துக்குள் ஓடினாள். கோடைமழை கொட்டியது. தனியாக நின்ற இந்த வீட்டின் கதவு வெறும் கொக்கியில் இருந்தது. உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

உள்ளே ஆளில்லை. அடுப்படியில் சோறு, சாம்பார், பாயசம். கூடத்தில் தாடி வைத்த ஒரு புனிதரின் படம், புது மாலையோடு. அதற்குக் கீழே தரையில் மூன்று வாழையிலைகள். அதில் ஒன்றில்தான் நர்மதா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்று பேர் சாப்பிட வரப்போகிறார்கள். வந்தால் யாரென்று கேட்பார்கள், ஊருக்குத் தகவல் சொல்வார்கள். போன தடவை ஓடியபோதும் அப்படித்தான் அவன் கையில் சிக்கினாள். அன்று அவன் முறுக்கிய நர்மதாவின் மணிக்கட்டு இன்னும் வீங்கியிருந்தது.

மறுபடி தட்டும் சத்தம்.

"யாரு?"

"நல்லா நனைஞ்சிட்டேன் தாயி. உள்ள வரலாமா?"

ஜன்னல் இடுக்கில் பார்த்தாள். ஒரு பெரியவர். குடையில்லை. குளிரில் தாடை ஆடியது.

"வீட்டுல ஆம்பளைக இல்ல. வேற இடம் பாருங்க."

"சரி தாயி."

அவர் கோபப்படவில்லை. வாசற்படியில், மழையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆனந்தியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தாழ்ப்பாளை நீக்கினாள். பெரியவர் தாழ்வான நிலைப்படிக்குத் தலையைக் குனிந்து உள்ளே வந்தார்.

"உன் வீடாம்மா?"

"எங்க வீடுதான். எங்க அண்ணன்மாரு மூணு பேரும் இப்ப வந்திருவாக."

"உனக்குத்தான் அண்ணனே இல்லையேம்மா?" என்றாள் நர்மதா.

பெரியவர் காது கேட்காதவர்போலத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்.

"சாப்பிடுறீங்களாய்யா?"

கேட்ட பிறகுதான் பயந்தாள். ஓர் இலையில் கைவைத்தாலும் திருட்டுதான், இரண்டில் வைத்தாலும் திருட்டுதான். இரண்டாவது இலையில் பரிமாறினாள். பெரியவர் சிலுவை போட்டுக் கண்ணை மூடினார். செபம் நீண்டது. அவளுக்கோ காதெல்லாம் வாசலில்.

"நீயும் உக்காரு தாயி. அந்த இலை சும்மாத்தான கெடக்கு."

"வேண்டாங்கய்யா, நீங்க சீக்கிரம்..."

"நீ உக்காந்தாத்தான் நான் கை வைப்பேன்."

உட்கார்ந்தாள். முதல் கவளம் தொண்டையில் இறங்குமுன் ஜீப் சத்தம் கேட்டது. வாசலுக்கே வந்து நின்றது.

ஆனந்தி எச்சில் கையோடு பிள்ளையை வாரிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். பின்கதவைத் திறக்கப் பார்த்தாள். கை வழுக்கியது. பெரியவர் எழுந்து வாசலுக்குப் போவது தெரிந்தது. காட்டிக்கொடுத்துவிடுவாரோ?

"பெரியப்பா!" ஓர் இளைஞனின் குரல். "கீழ ஒருத்தன் பைக்க நிறுத்திட்டு, ஒரு பொம்பளையும் பிள்ளையும் இந்தப் பக்கம் வந்தாகளான்னு எல்லாரையும் கேக்கான். பார்வையே சரியில்ல."

ஆனந்தி பிள்ளையின் முகத்தைத் தோளோடு அழுத்திக்கொண்டாள்.

"அத விடு டிஜோ. நான் தேடச் சொன்னது என்னாச்சு?"

"தோட்டத்து ஆளுக குடியிருக்கிற மூணு லயத்துலயும் தேடிட்டேன், எல்லாரும் வேலைக்குப் போயிட்டாக. சூசையப்பர் திருநாளுக்கு ஒரு பெரியவரு, ஒரு தாயி, ஒரு பிள்ளை, மூணு பேர உக்கார வச்சுச் சோறு போடுறது உங்க நேர்ச்சை. இந்த வருசம் ஒருத்தரும் கெடைக்கல. நீங்களும் மழையில தேடிப்போயி நனைஞ்சதுதான் மிச்சம். விடியக்காலையிலருந்து ஆக்கி வச்ச சோறு வீணாப் போகுமே?"

"மெதுவாப் பேசுப்பா, அந்தப் பிள்ள பயந்துரும்," என்றார் பெரியவர். "கீழ நிக்கிறவன்கிட்ட, நீ பாக்கலன்னு சொல்லி அனுப்பு. நான் தேடிப் போன தாயும் பிள்ளையும் எனக்கு முன்னாடியே என் வீட்டுக்கு வந்து, எனக்கே சோறும் போட்டுட்டாக."