இரண்டாவது டிஸ்க்

ஹாலில் இருந்தவர்கள்: டிவிக்கு எதிரே நாற்காலியில் கணவன், பின்னால் சோபாவில் மனைவி, அவளை ஒட்டினாற்போல் கேபிள்காரன். கணவனைக் கேட்டிருந்தால் இரண்டே பேர் என்றுதான் சொல்லியிருப்பான். அவனுக்குப் பார்வை போய்ப் பல வருடம் ஆகிறது.

டிவியில் ஒரு பழைய ஹாலிவுட் காதல் காவியம். நாலு மணி நேரப் படத்தைப் புதிதாக மெருகேற்றி இரண்டு டிஸ்க்காக விட்டிருந்தார்கள். கண் இருந்த காலத்தில் தியேட்டரே கதியென்று கிடந்து பார்த்த படம் என்று கணவன் ஆசையாக வாங்க வைத்தான். வசனத்தை அவன் கேட்டுக்கொள்வான், மற்றதை மனைவி சொல்ல வேண்டும். போன வாரம் ஒருமுறை முழுசாகப் பார்த்துச் சொன்னாள். இன்றைக்கு மறுபடியும்.

"இப்ப என்ன?"

"துறைமுகம் எரியுதுங்க. கூட்டத்துல அவ அவனைத் தேடி ஓடறா. கவுன்ல பாதி கரி."

சொல்லிக்கொண்டே கேபிள்காரனின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டிருந்தாள். அவன் சும்மா இருக்கிற ஆள் இல்லை. கணவனின் முதுகுக்குப் பின்னால் எழுந்து, கண்ணை மூடிக்கொண்டு, காற்றைத் துழாவி நடந்து காட்டினான். அவள் பீறிட்ட சிரிப்பை இருமலாக்கினாள்.

"என்ன, சளியா?"

"நெருப்பைப் பார்த்தாலே தொண்டை கமறுதுங்க."

இந்த டிவியை மாட்டியவனே அவன்தான். அன்றைக்குக் கணவன் பின்பக்கம் கைவிட்டு, எந்த வயர் எதற்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். "மஞ்சள் படத்துக்கு, சிவப்பும் வெள்ளையும் சத்தத்துக்கு. உங்களுக்கு எல்லாம் ஒரே கலர்தானே சார்" என்று கேபிள்காரன் சிரித்தான். கணவன் கோபப்படவில்லை. நூல் கேட்டு வாங்கி, படத்துக்கான வயரில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டான்.

அன்று அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அதில் ஆரம்பித்தது.

தெரிந்தால் அவ்வளவுதான், நடுத்தெரு. வீடு கணவனுடையது. அண்ணன் வீட்டில் அவளை வாசல்படி மிதிக்க விடமாட்டார்கள். கேபிள்காரனுக்கோ பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். இதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வாரம் தவறாமல் கதவைத் திறந்து விட்டுக்கொண்டிருந்தாள்.

முதல் டிஸ்க் முடிந்தது.

"மத்தவங்க என்ன சொல்றாங்கன்னு கேப்போம்" என்று கணவன் போனை எடுத்தான். பார்த்தவர்கள் எழுதிய கருத்துகளை அது இயந்திரக் குரலில் வாசித்தது. பாதிப் படத்தை வெட்டிக் குப்பையில் போட்டாலும் நஷ்டமில்லை என்றார் ஒருவர். நாயகி ஒருத்தனுக்கும் லாயக்கில்லாதவள் என்றார் இன்னொருவர். முதல் டிஸ்க் சுமார், இரண்டாவதில் நிறங்கள் உயிரோடு எழுந்து வருகின்றன என்றார் மூன்றாமவர்.

"பாவம், அவளை எதுக்குத் திட்டறாங்க?" என்றாள் மனைவி.

"எனக்கு அவளைப் பிடிக்கும். பொய் சொன்னாக்கூடக் கேக்க நல்லா இருக்கும்."

கேபிள்காரன் அவள் புடவைத் தலைப்பை இழுத்தான்.

"ஏங்க, டிஸ்க்கை நீங்களே மாத்திக்குங்க. துணி மலையாக் கிடக்கு, மடிக்கணும். பெட்ரூம்லேர்ந்து டிவி நேராத் தெரியும். அங்கேர்ந்தே சொல்றேன்."

"சரி. மெதுவா மடி."

அவள் உள்ளே போக, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் பூனை மாதிரிப் பின்னால் போனான். ஹாலில் டிவிக்குப் பின்னாலிருந்து கணவன் தும்முவது கேட்டது. அங்கே எப்போதும் தூசிதான்.

துணி மடிபடவில்லை. காது மட்டும் ஹாலில் இருந்தால் போதும், மிச்சத்தை ஞாபகம் பார்த்துக்கொண்டது. குளம்புச் சத்தம் கேட்டதும் அவள் குரல் கொடுத்தாள்: "பனி கொட்டுதுங்க. குதிரைங்க மூக்குலேர்ந்து ஆவி பறக்குது."

"நிறம் எப்படி? அந்த ஆள் சொன்ன மாதிரி இருக்கா?"

"கண்ணுல ஒத்திக்கலாம். அவ உதட்டுச் சிவப்பு இங்க வரைக்கும் அடிக்குது."

கேபிள்காரன் தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தான்.

கடைசி இசை ஓய்ந்தபின் அவள் தலையைக் கோதியபடி ஹாலுக்கு வந்தாள். படம் முடிந்து திரை கறுத்திருந்தது. கணவன் போனை வாய்ப்பக்கம் வைத்திருந்தான்.

"நாமளும் ஒரு கருத்துப் போடுவோம். கண்ணு உன்னோடது, நீ சொல்லு. ரெண்டாவது டிஸ்க் எப்படி?"

"இவ்வளவு தெளிவா எந்தப் படத்தையும் பார்த்ததில்லைன்னு போடுங்க."

அவன் அதை அட்சரம் பிசகாமல் திருப்பிச் சொன்னான். போன் டிங் என்று அனுப்பியது.

"டீ குடிச்சா நல்லா இருக்கும். பால் வாங்கிட்டு வந்துடு" என்று மடியிலிருந்த துணிப்பையை நீட்டினான்.

அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கேபிள்காரனை எப்படி வெளியே அனுப்புவது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தாள். கதவை அகலத் திறந்து பிடித்தாள். போகிற போக்கில் அவன் கணவனைப் பார்த்துக் குனிந்து ஒரு சலாம் வைத்துவிட்டு வெளியேறினான். அவளும் பின்னாலேயே இறங்கினாள்.

கதவு சாத்திக்கொண்டது. மேல் தாழ்ப்பாள், கீழ் தாழ்ப்பாள். அதற்கும் மேல் சாவி ஒரு சுற்று, இன்னொரு சுற்று.

"பால் வாங்கத்தானே போறேன்? எதுக்குப் பூட்டறீங்க?"

பைக்குள் ஏதோ சுருண்டு கிடப்பது கையில் தட்டியது. எடுத்துப் பார்த்தாள். மஞ்சள் வயர். முனையில் நூல் முடிச்சு.

கேபிள்காரன் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கணவனின் குரல் வந்தது:

"ரெண்டாவது டிஸ்க்ல படமே வரலையாம்னு கேபிள்காரர்கிட்ட சொல்லிடு."