கவிழ்ந்த டம்ளர்

கீரமங்கலத்தில் போனில் ஆடும் ஒரு சண்டை கேமின் பைத்தியங்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு இருந்தது. கேமில் வரும் முகமூடிக்காரிக்குப் பின்னால் எப்போதும் இரண்டு டம்ளர்கள், ஒன்று கவிழ்ந்தபடி. கவிழ்ந்தது யாருக்கு என்று ஆளாளுக்கு ஒரு கதை கட்டினார்கள்.

"அவ தங்கச்சிக்கு எடுத்து வச்சதுடா. வர்றவரைக்கும் தூசி விழக்கூடாதுல்ல" என்றான் அஜ்மல். அவனும் தினமும் தங்கை நுஸைபாவின் டீ டம்ளர் மேல் பாதி ரஸ்க்கை வைத்துவிட்டுத்தான் கடைக்குப் போவான்.

அஜ்மல் இறந்து நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடித்த மறுநாள், நுஸைபா அவன் போனில் கேமைத் திறந்தாள். கவிழ்ந்த டம்ளர் நிமிர்ந்திருந்தது. படமெடுத்துக் குழுவில் போட்டாள்.

"எங்க போன்லயெல்லாம் கவுந்துதாம்மா இருக்கு" என்று எழுதினான் கோபிநாத். "இதுல டீ ஆவி பறக்குது. மேல ஏதோ வச்சிருக்கே, என்னம்மா அது?"

நுஸைபா படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை.

"பாதி ரஸ்க், அண்ணே."