யாருக்கும் கேக்காத இடம்

“நாளையிலருந்து மடிப்பு மேசைக்கு வராத. டிரையர்கிட்ட போ.”

சூப்பர்வைசரம்மா இதைச் சொன்னபோது சொலவடை அக்கா கையில் பாதி மடித்த படுக்கை விரிப்பு இருந்தது.

“ஏம்மா, நான் என்ன தப்பு பண்ணேன்?”

“இங்க உன் பேச்சு ஜாஸ்தியா இருக்கு. அங்க போனா யாருக்கும் கேக்காது. வேணுங்கற மட்டும் பேசு.”

சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள். எப்போதும் சூடு, முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது. அதனால் அவளுக்கு இஸ்திரிப்பெட்டி என்று பெயர்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மடிப்பு மேசைதான் கொஞ்சம் மூச்சுவிடுகிற இடம். பக்கத்தில் ஜன்னல். வார்டு ஆயாக்கள் விரிப்பு வாங்க அந்த ஜன்னலுக்குத்தான் வருவார்கள். அப்படியே அக்காவின் சொலவடை ஒன்றையும் வாங்கிக்கொண்டு சிரித்தபடி போவார்கள்.

“அழுக்கு போறது துணிக்கு, ஆயுசு போறது நமக்கு.”

“லீவு கேட்டா உடம்புக்கு என்னன்னு கேக்குறாங்க. உடம்புன்னு ஒண்ணு மிச்சம் இருந்தாத்தானே சொல்றதுக்கு!”

இதைக் கேட்டால்தான் மத்தியானம் வரைக்கும் கை ஓடும் எல்லோருக்கும்.

துணி உலர்த்துகிற டிரையர், கூடத்தின் அந்தக் கோடியில் இருந்தது. அனல். பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாத இரைச்சல். அக்காவுக்கோ மூச்சு இழுப்பு உண்டு. வீட்டுக்காரர் இரண்டு வருஷமாகப் படுத்த படுக்கை. இந்த வேலையை விட்டால் அடுப்பு எரியாது.

நாலாம் நாள் ஈரத்துணி மூட்டை மேலேயே மயங்கிச் சாய்ந்தாள்.

எல்லோரும் ஓடினார்கள். சூப்பர்வைசரம்மாவும் ஓடி வந்தாள். தண்ணீர் தெளித்தாள். கண் திறந்ததும், “கொஞ்ச நேரம் உக்காந்துட்டு இங்கயே வேலையப் பாரு. மேசைப் பக்கம் மட்டும் வராத” என்றாள்.

“மனுஷியா இவ?” என்றாள் பிரஸ் போடுகிறவள், சூப்பர்வைசரம்மா போனதும்.

“நாம சிரிக்கிறது அவளுக்குப் பொறுக்கல.”

“மேனேஜர்கிட்ட போயிடலாம்.”

“வேணாம்டி” என்றாள் அக்கா, மூச்சு வாங்க. “இருக்கற வேலையும் போயிடப்போகுது.”

“நான் பேசறேன்க்கா” என்று ஒரு குரல் வந்தது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவோடு விரிப்பின் மறுமுனையைப் பிடித்து மடிக்கிறவள். வாயில்லாப்பூச்சி என்று பெயர் வைத்து, அது நீளமாக இருக்கிறதென்று வெறும் பூச்சி ஆக்கியிருந்தார்கள். அவள் பேசுகிறேன் என்றதும், அதற்கு மேல் யாருக்கும் யோசிக்கத் தோன்றவில்லை.

அக்காவை அங்கேயே உட்காரவைத்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் நாலு பேர் போனார்கள்.

“உக்காருங்கம்மா” என்றார் மேனேஜர். அந்த அறையில் அவர்களை யாரும் உட்காரச் சொன்னதே இல்லை. பாதி நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

பூச்சி எல்லாவற்றையும் சொன்னாள். டிரையர், இழுப்பு, மயக்கம். சொல்லும்போது முந்தானை நுனியைத் திருகித் திருகிக் கயிறாக்கிவிட்டாள்.

“அடடா! அப்படி என்னதான் பேசினாங்களாம்?”

“தப்பா ஒண்ணும் இல்ல சார். சும்மா தமாஷுக்கு.”

“எனக்கும் சொல்லுங்களேன். கேப்போம்.”

பிரஸ் போடுகிறவள் ஒன்று சொன்னாள். மேனேஜர் சிரித்தார். அவர் சிரித்ததும் இன்னொருத்திக்குத் தைரியம் வந்து இன்னொன்று. “துணிக்கு மூணு அலசல், நமக்கு முப்பது அலசல், சார்!” அறையே கலகலத்தது.

கதவைத் திறந்துகொண்டு சூப்பர்வைசரம்மா வந்தாள். ஓடி வந்திருக்க வேண்டும். நெற்றியெல்லாம் வேர்வை.

“இங்க என்ன பண்றீங்க? எந்திரிங்க, சாப்பாட்டு நேரம் முடிஞ்சாச்சு. சார், இவங்க ஏதோ தெரியாம...”

“இருங்கம்மா, பேசட்டும்” என்றார் மேனேஜர்.

“வேணாம் சார். ஏய் பூச்சி, எந்திரிடி. போதும்!”

குட்டு வெளிப்பட்டதும் பயம் வந்துவிட்டது பார் என்று பூச்சிக்குத் தோன்றியது. பிறந்ததிலிருந்து வராத கோபம் மொத்தமும் அப்போது வந்தது.

“பாத்தீங்களா சார், இப்பவும் எங்க வாயைப் பொத்தறாங்க! அக்கா அப்படி என்ன சொல்லிட்டாங்க? ‘செத்தவனுக்குக்கூட துணி மாத்தி அனுப்பறாங்க, நமக்கு ஷிப்ட் மாத்த ஆளில்ல’ன்னு சொன்னாங்க. இதுல என்ன சார் தப்பு?”

மேனேஜர் பேனாவை எடுத்தார்.

“இதுவும் அவங்க சொன்னதுதானா? நல்லாத் தெரியுமா?”

“சத்தியமா சார். எதிர்ல நின்னு மடிச்சுட்டே கேட்டேன். அவங்களைத் தவிர வேற யாருக்கு இப்படி வரும்?”

சூப்பர்வைசரம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

மேனேஜர் நிதானமாக எழுதி முடித்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“இந்த ஒரு வார்த்தை வார்டு வார்டாச் சுத்தி பெரிய டாக்டர் காது வரைக்கும் போச்சு. யாரு சொன்னதுன்னு மூணு வாரமா உங்களைக் கேட்டேன். ‘மிஷின் சத்தத்துல எனக்கு ஒண்ணுமே கேக்கல சார்’னு சாதிச்சீங்க. ஜன்னல்கிட்ட இருந்தவளை எதுக்கு டிரையர்கிட்ட கொண்டுபோய் ஒளிச்சு வெச்சீங்கன்னு இப்பல்ல புரியுது!”



மேனேஜர் பூச்சியின் பக்கம் திரும்பி, அதே சிரிப்போடு சொன்னார்: “ரொம்ப நன்றிம்மா. அடுத்த மாசம் ரெண்டு பேரைக் குறைக்கச் சொல்லி மேல இருந்து உத்தரவு. யார் யாரை அனுப்பறதுன்னு தெரியாம இருந்தேன்.”