ஆறாவது லேத்

துணைவேந்தர் ஞானசிகாமணி ஆறாவது லேத்துக்கு முன்னால் நின்றுவிட்டார்.

முதல் ஐந்தையும் கல்யாண வீட்டில் தெரியாதவர்களைக் கடப்பதுபோல் கடந்து வந்த மனிதர், இதன் முன்னால் மட்டும் நின்றார்.

ஒர்க்‌ஷாப் பொறுப்பாளன் மாரிசெல்வம் அவருக்கும் லேத்துக்கும் நடுவில் புகப் பார்த்து அரையடி நகர்ந்தான்.

கோம்பை ரோட்டில் இருந்த அந்தப் பொறியியல் கல்லூரிக்குச் சொந்தமாக இரும்பு கடைகிற லேத் எந்திரங்கள் ஐந்துதான் இருந்தன. மெக்கானிக்கல் துறைக்கு அனுமதி வேண்டுமென்றால் ஆறு இருக்க வேண்டும். அந்த விதியில் ஓர் இம்மிகூட விட்டுக்கொடுக்காதவர் ஞானசிகாமணி.

ஆறாவது, ஊர் சுற்றுகிற லேத்.

எந்தக் கல்லூரிக்கு ஆய்வு வருகிறதோ, முதல் நாளே அங்கே லாரியில் போய் இறங்கும். ஆய்வு முடிந்தால் அடுத்த கல்லூரி. ஒரு காலத்தில் மதுரைப் பக்கமிருந்து வந்தது என்பார்கள். இருபத்துச் சொச்சம் வருஷமாக முட்டைக்கோஸ் மூட்டைகளோடு பயணம் செய்த அதற்கு யார் சொந்தக்காரர் என்று இப்போது ஒருவருக்கும் தெரியாது. இரவல் வாங்குகிறவர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். தங்கள் லேத்துகளுக்கு என்ன நிறமோ, அதையே இதற்கும் சொந்தச் செலவில் அடித்துக்கொள்ள வேண்டும்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். ஆய்வுக்கு ஒரு நாள் தாங்கினால் போதும்.

நேற்று மாரிசெல்வம்தான் நீல பெயின்ட் அடித்தான். ஆசையாக, இரண்டு கோட்டு அடித்தான். துறை போனால் வேலை போகும். வேலை போனால் மாரீஸ்வரி போய்விடுவாள். பெண்ணைப் பெற்ற சின்னக்கருப்பு அதில் ஒளிவுமறைவே வைக்கவில்லை.

“மெக்கானிக்கல் இருந்தாத்தேன் மாப்பிள்ளை. இல்லாட்டி நீங்க யாரோ, நாங்க யாரோ.”

மாரிசெல்வத்துக்கு மாரீஸ்வரியைத் தவிர வேறு பெண் வேண்டாம். அவளோடு சேர்ந்தாற்போல நாலு வார்த்தைகூடப் பேசியதில்லை. இருந்தாலும் வேண்டாம்.

எல்லாம் யோசித்துத்தான் செய்திருந்தார்கள். மின்வெட்டு நேரம் பார்த்துத்தான் துணைவேந்தரை ஒர்க்‌ஷாப்புக்கே அழைத்து வந்தார்கள். ஓட்டிக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டால் ஆறாவது லேத்துக்கு வயரே கிடையாது.

குமுளி மலையிலிருந்து இறங்கும் ஆடிச் சாரலை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. பெயின்ட் காயவில்லை.

துணைவேந்தர் லேத்தின் மேல் கையை வைத்தார். எடுத்தபோது கட்டைவிரல் நீலமாக இருந்தது. விரலைப் பார்த்தார். பிறகு மாரிசெல்வத்தைப் பார்த்தார்.

மனிதர் கூடலூர்க்காரர்தான். விரிவுரையாளர், துறைத்தலைவர், டீன், பதிவாளர் என்று ஒவ்வொரு படியாக ஏறித் துணைவேந்தர் ஆனவர். தேனி பஸ் ஸ்டாண்டில் அவருக்கு ஆளுயர ஃப்ளெக்ஸ் இருந்தது. ஆனால் சொந்த ஊர்ப் பக்கம் என்று இளகுகிற ஆளில்லை. அந்த மாதம் மட்டும் மூன்று ஊர்களில் மெக்கானிக்கலை மூடிவிட்டு வந்திருந்தார்.

“இதை எப்போது வாங்கினீர்கள்?”

2003 மார்ச் என்று சொல்ல வேண்டும். முதல்வர் கிருபாவதி மேடம் காலையிலிருந்து மூன்று தடவை ஒப்பிக்க வைத்திருந்தார். மாரிசெல்வம் வாயைத் திறந்தான்.

“ஆவணியில கல்யாணம், சார்.”

பொன்னாடைத் தட்டோடு பின்னால் நின்ற கிருபாவதி மேடம் கண்ணை மூடிக்கொண்டார்.

துணைவேந்தர் சட்டைப் பையிலிருந்து ஆறங்குல ஸ்டீல் ஸ்கேலை எடுத்தார். எத்தனை பதவி வந்தாலும் அந்த ஸ்கேலை மட்டும் அவர் விடவில்லை. லேத்தின் மூலையில் ஒரு இடமாகப் பார்த்துச் சுரண்டினார்.

நீலம் உரிந்தது. அடியில் பச்சை. அது தேனிப் பக்கத்துக் கல்லூரி, போன வாரம்.

பச்சைக்கு அடியில் மஞ்சள். போன வருஷம்.

மஞ்சளுக்கு அடியில் ஏழெட்டு நிறம் தாண்டிச் செங்கல் நிறம். அது எந்த ஊர் என்று மாரிசெல்வத்துக்கே தெரியாது. அவன் மனசுக்குள் மாரீஸ்வரியிடம் மன்னிப்புக் கேட்டு முடித்திருந்தான்.

செங்கல் நிறத்தில் ஸ்கேல் நின்றது.

அவர் அதைக் கைக்குட்டையில் துடைத்துப் பையில் செருகினார். ஆய்வுக் கோப்பைக் கொண்டுவரச் சொன்னார். ஆறாவது லேத்தின் மேலேயே வைத்து, ‘லேத் – ஆறு – உள்ளது’ என்ற வரிக்கு நேராகக் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் நீலக் கட்டைவிரலும் பதிந்துவிட்டது. மூன்று பட்டம் வாங்கியவர் கையெழுத்தோடு கைநாட்டும் வைத்த கோப்பு அது ஒன்றாகத்தான் இருக்கும்.

கிருபாவதி மேடம் எதையும் கேட்காமல் பொன்னாடையைப் போர்த்தினார். கேட்டு மாட்டிக்கொள்ள அவரென்ன பைத்தியமா?

கார் வரைக்கும் மாரிசெல்வம்தான் குடை பிடித்தான். கதவருகே துணைவேந்தர் நின்று, சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். காலையிலிருந்து பேசிய தமிழை அங்கேயே இறக்கி வைத்துவிட்டார்.

“ஏலே, அதுக்கு மேல யாரையும் சொரண்ட விட்றாத. செங்கல் கலருக்கு அடியில சாம்பல் கலரு இருக்கும். அது நான் அடிச்சது. எனக்கு ஆனியில கல்யாணம் வச்சிருந்தாக.”