கழுவிய கியர்பாக்ஸ்

விபத்தில் நொறுங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் காரில் உருப்படியாக மிஞ்சியது இந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஒன்றுதான். உதிரிபாகக் கடையின் மேசையில், கூரை ஓட்டை வழி விழும் வெயிலில் பளபளக்கிறது. மடங்காத இடது காலை நீட்டி ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார் கணவர். அவர் தோளில் மனைவியின் கை. “கையால கியர் மாத்துறதா இருந்தா கொத்திக்கிட்டுப் போவாங்க சார். ஆட்டோமேட்டிக்குக்குப் பாதி விலைதான்” என்கிறார் கடைக்காரர். “ஆயிலைப் பாத்துட்டு விலை சொல்லுங்க. ரத்தம் மாதிரி இருக்கும்” என்கிறார் கணவர். கடைக்காரர் அடி போல்ட்டைக் கழற்றுகிறார். தகரத் தட்டில் விழுவது சிவப்பாக இல்லை. பால் கலந்ததுபோல வெளிறிய ரோஸ் நிறம். விரலில் தொட்டுத் தேய்க்கிறார். “தண்ணி போயிருக்கு சார். உள்ள எல்லாம் ஊறிப்போச்சு. இனிமே பழைய இரும்பா எடைக்குத்தான்.” பார்க்க லட்சணமாக இருந்தால் நாலு காசு கூட வரும் என்று நேற்று அவருக்குத் தெரியாமல் முற்றத்தில் சோப்புப் போட்டு, குழாயால் பீய்ச்சிக் கழுவியவளின் கை தோளிலிருந்து மெல்ல விலகுகிறது. கடைக்காரர் அந்தப் பளபளப்பைப் பார்க்கிறார்; அவளைப் பார்க்கிறார். “எங்கயாவது மழையில நின்னிருக்கும் சார்.” “மழையா? என் வண்டி ஒரு தூறல்லகூட நனைஞ்சதில்ல.” கணவர் கழுத்தைத் திருப்பி அவளை அண்ணாந்து பார்க்கிறார். “நீயே சொல்லும்மா.”